சுரேந்தர், பி.இ.

சுரேந்தருக்கு பி.இ. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, உம்மல் குல்சும். பல்கலைக்கழகம் கடைசிவரை கொடுக்காததை அவள் ஒரு நீலப் பேனாவை எடுத்துப் பத்து விநாடியில் கொடுத்துவிட்டாள். நல்ல மனதோடுதான் கொடுத்தாள். கெட்ட எண்ணத்தில் செய்கிற வேலையையாவது மாட்டிக்கொள்வோமோ என்று நாலு முறை சரிபார்ப்போம்; நல்ல எண்ணத்தில் செய்வதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

குல்சும் உக்கடத்துப் பழைய இரும்பு வியாபாரி ஜபருல்லாவின் மூத்த மகள். அவர்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னியல் படித்தாள். மேற்படிப்பை வேறு இடத்தில் முடித்துவிட்டு, அதே கல்லூரிக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்தாள். பதினைந்து வருடமாக அதே வளாகம், அதே கேன்டீன் டீ. வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கி வைத்த அவளுடைய அசல் சான்றிதழ்கள் இன்னும் அலுவலக பீரோவில்தான் இருந்தன. ஆசிரியர்கள் பாதியில் ஓடிவிடக் கூடாதே என்று நிர்வாகம் அப்படி வாங்கி வைத்துக்கொள்ளும்.

பழைய மாணவி என்பதால் முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. பெயரைக் கேட்டுப் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். எட்டாயிரம் பேருடைய பெயர், பட்டம், செல் நம்பர், வேலை பார்க்கும் கம்பெனி எல்லாம் அடங்கிய ஒரு பட்டியலைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற வேலை. பழைய மாணவர்கள் மேல் நிர்வாகத்துக்குப் பாசம் பொங்குவது தரச்சான்றுக் குழு வருகிற வருடம் மட்டும்தான். அந்த வருடம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "தம்பி, இப்ப எங்கப்பா இருக்கே?" என்று குழைந்து கேட்க வேண்டும். மற்ற வருடங்களில் அவர்கள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதெல்லாம் போதாதென்று மே மாதம் ஆள் பிடிக்கிற வேலை வேறு. ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீட்டில் உட்கார்ந்து பேசி, கல்லூரியில் சேர்க்க வேண்டும். ஆளுக்குப் பதினைந்து பேர் இலக்கு. குல்சும் இதில் கெட்டிக்காரி. கல்லூரியின் பளபளப்பான புத்தகத்தை அவள் திறக்கவே மாட்டாள். "நானும் எங்க ஊட்ல மொதப் பட்டதாரிதானுங்க. எங்கப்பா பழைய இரும்புதான் வாங்கி வித்தாரு. இன்னைக்கு நான் அதே காலேஜ்ல டீச்சரா இருக்கறனுங்க" என்பாள். சொல்வது அத்தனையும் உண்மை என்பதால் கேட்கிறவர்கள் முகம் மாறிவிடும்.

பத்து வருடத்துக்கு முந்தைய மே மாதம் அப்படித்தான் அன்னூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊரில் நஞ்சம்மாளின் வீட்டுக்குப் போனாள். நஞ்சம்மாளின் கணவர் நஞ்சுண்டன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்து அப்போது நான்கு வருடம். இரண்டு ஏக்கர் நிலம், மூன்று மாடு, இரண்டு பிள்ளைகள். மகள் மோகனப்பிரியா இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மகன் சுரேந்தர் வாசலில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு ஐ.டி.ஐ. போதுமுங்க மேடம். மோட்டார் வைண்டிங் சுத்தமாக் கத்துக்கிட்டா இங்கயே பொழச்சுக்குவனுங்க" என்றான்.

"வைண்டிங் கட்றவனா இருக்கறத விட, அந்த மோட்டாரையே டிசைன் பண்றவனா இருக்கலாமில்ல கண்ணு?" என்றாள் குல்சும்.

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அந்த வருடம் அவளுடைய பதினைந்துக்கு இரண்டு பேர் குறைந்திருந்தார்கள் என்பதும் உண்மைதான். நஞ்சம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மகனைப் பார்த்து, "டீச்சரே ஊடு தேடி வந்து சொல்றாங்க. செரின்னு சொல்லு சாமி" என்றாள். கலந்தாய்வுக்கெல்லாம் போகாமல் நிர்வாக ஒதுக்கீட்டிலேயே சுரேந்தர் சேர்ந்துவிட்டான்.

பையனிடம் புத்திக்குக் குறைவில்லை. ஆய்வுக்கூடத்தில் எந்த மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். காதை வைத்துக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவான். கேள்வியைத் தமிழில் கேட்டால் பதிலைக் கையால் செய்து காட்டுவான். அதையே ஆங்கிலத்தில், மூன்று மணி நேரத்தில், இருபத்தெட்டுப் பக்கத்தில் எழுதச் சொன்னால் திணறிப்போவான். நான்கு வருடம் முடிந்தபோது ஒன்பது பேப்பர் அரியர். அடுத்த மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாகக் குறைத்து இரண்டில் கொண்டு வந்து நிறுத்தினான். ஒன்று கணிதம், இன்னொன்று மின்காந்தக் கோட்பாடு. மின்காந்தக் கோட்பாடு குல்சும் நடத்திய பாடம். தேர்வுக்குத் தேர்வு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று என்று ஏறிக்கொண்டிருந்ததே தவிர, தேர்ச்சிக்கு வேண்டிய ஐம்பதைத் தொடவில்லை.

இதற்கிடையில் சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. பார்க்கில் ஏ.சி.யும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை. ஊரில் கேட்டால் நஞ்சம்மாள், "பையன் ஐ.டி. பார்க்குல இருக்கறானுங்க" என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை.

ஜனவரி இருபத்தாறு முன்னாள் மாணவர் நாள். மற்றவர்கள் காரில் வந்து, போட்டோ எடுத்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சுரேந்தர் முதல் நாளே வந்துவிடுவான். நாற்காலி அடுக்குவது, மைக் கட்டுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்புவது எல்லாம் அவன்தான். நாள் முழுக்கச் சிரித்த முகமாகவே இருப்பான். அந்தக் கல்லூரி அவனுக்கு என்ன செய்தது என்று யோசித்தால் நமக்குத்தான் வயிறு எரியும்.

மூன்று வருடத்துக்கு முன் தரச்சான்றுக் குழு வருவதாக இருந்தது. முன்னாள் மாணவர்கள் கையெழுத்துப் போட்ட இருநூறு உறுப்பினர் படிவம் வேண்டும் என்று முதல்வர் குல்சுமைப் பிடுங்கி எடுத்தார். சுரேந்தர் பைக்கை எடுத்துக்கொண்டு அலைந்து எண்பது படிவம் வாங்கி வந்து மேசையில் வைத்தான். தன்னுடைய படிவத்தையும் வைத்திருந்தான். அதில் 'பட்டம், ஆண்டு' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இதுல என்ன மேம் எழுதறது?" என்று கேட்டான்.

"இங்க குடு" என்று வாங்கி, 'பி.இ., 2019' என்று தானே எழுதினாள். "ரெண்டு பேப்பர்தானே. அடுத்த செமஸ்டர் முடிச்சிருவே. கார்டு வர்றதுக்குள்ள நீ பாஸ் பண்ணியிருப்பே" என்றாள். அவன் அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான். இரண்டு வாரத்தில் உறுப்பினர் அட்டை வந்தது. தேர்வு முடிவு அப்புறம் வந்தது. நாற்பத்தொன்று.

போன நவம்பரில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வீடு திரும்பும்போது சத்தி ரோட்டில் லாரி மோதி சுரேந்தர் இறந்தான். இருபத்தேழு வயது. அடுத்த வாரம் எழுதவிருந்த தேர்வின் ஹால் டிக்கெட் அவன் செல்போனில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பொழுது விடிவதற்குள் பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நின்றுவிட வேண்டும். சங்கத்தின் சார்பில் வைக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். கடைக்காரர் வாசகம் கேட்டு போன் செய்தபோது குல்சும் அழுதுகொண்டிருந்தாள். பட்டியலைத் திறந்து, அவன் பெயர் இருந்த வரியை அப்படியே எடுத்து அனுப்பிவிட்டாள். பத்தடி உயரத்தில் சுரேந்தர் சிரிக்க, கீழே கொட்டை எழுத்தில் 'எங்கள் அன்பு நண்பர் சுரேந்தர், பி.இ.' என்று அந்த ஊர் முக்கில் நின்றது. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நஞ்சம்மாள் குல்சுமின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ற பையன் படிச்சவன்னு ஊரே பாக்க எழுதிப்போட்டீங்களே டீச்சர்" என்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடு குல்சுமுக்குப் பல நாள் தூக்கத்தில் வந்தது.

ஏழு மாதம் கழித்து, ஜூன் மாதக் கடைசியில் மோகனப்பிரியா கல்லூரிக்கு வந்தாள். அண்ணனுடைய அதே கண், அதே மெதுவான பேச்சு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கலந்தாய்வில் கோவையிலேயே நல்ல கல்லூரியாகக் கிடைக்கும் என்றாள். குல்சுமின் கல்லூரியை அவள் பட்டியலில் சேர்க்கவே இல்லை. குல்சுமும் ஏன் என்று கேட்கவில்லை.

"மேம், எனக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் வேணும். அது இருந்தாத்தான் பீஸ் சலுகை. இல்லேன்னா எங்கம்மாவால முடியாதுங்க மேம். மாடு வித்தாலும் முதல் வருசத்தோட நின்னு போயிரும்."

"அப்ளை பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். வி.ஏ.ஓ. சைன் பண்ண மாட்டேங்கறாரு. 'உங்கண்ணன் பி.இ.ன்னு பஸ் ஸ்டாப்புல பத்தடிக்கு வெச்சிருந்தாங்களே அம்மணி, நானே மாலை போட்டேனே. அப்புறம் நீ எப்படி மொதப் பட்டதாரி?'ங்கறாரு."

வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பட்டம் வாங்கியிருந்தால் அடுத்த பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அரசாங்கத்தின் கணக்கில் சுரேந்தர் வாங்கவில்லை. ஊரின் கணக்கில் வாங்கிவிட்டான். ஊர்க் கணக்கை எழுதியவள் அவள்.

"அண்ணனுக்கு அரியர் இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேம். அண்ணனே சொல்லுச்சு. அம்மாதான் அண்ணன் முடிச்சிருச்சுன்னு நெனச்சிட்டிருக்கு." அந்தப் பெண் பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். "அண்ணன் டிகிரி முடிக்கலைன்னு காலேஜ் லெட்டர் குடுத்தாப் போதும்னு சொல்றாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அப்புறம் அம்மா ஒரு உறுதிமொழியில கையெழுத்துப் போடணும். நீங்க வந்து, இது ஏதோ காலேஜ் பாரம்னு சொன்னீங்கன்னா போட்டுரும் மேம். நீங்க எங்க கைய வெச்சாலும் போட்டுரும்."

அன்று மதியமே குல்சும் முதல்வர் அறைக்குப் போனாள். முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் காரியம் ஆகாது என்பது கல்லூரிக்கே தெரியும்.

"ஏம்மா, அந்தப் பையன் பேரு நாம தரச்சான்றுக்குக் குடுத்த பட்டியல்ல இருக்கு. பட்டம் முடிச்சவன், வேலையில இருக்கறவன்னு. இப்ப அவன் முடிக்கலைன்னு நாமளே லெட்டர்பேடுல குடுத்தா, பட்டியல்ல இன்னும் எத்தனை இப்படின்னு கேட்க மாட்டாங்களா? பாவம்தான். நீங்களா ஏதாவது உதவி பண்ணணும்னா பண்ணுங்க. லெட்டர் மட்டும் கேட்காதீங்க."

வெளியே வந்து கொஞ்ச நேரம் மாடிப்படியில் நின்றாள். பிறகு தன் அறைக்குப் போய், சங்கத்தின் லெட்டர்பேடை எடுத்தாள். சுரேந்தர் இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை, பட்டம் பெறவில்லை, சங்கப் பட்டியலிலும் அஞ்சலிப் பலகையிலும் அப்படி எழுதியது செயலாளராகிய என் தவறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வி.ஏ.ஓ.விடம் தரச் சொல்லி மோகனப்பிரியாவிடம் கொடுத்தனுப்பினாள். அதற்கான மெமோ அடுத்த வாரமே வந்தது. செயலாளர் பதவியும் போயிற்று. பீரோவிலிருக்கும் சான்றிதழ்களை நினைத்து அவள் பயந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதும்போது அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அன்னூர் பஸ்ஸில் அவளுக்காகக் காத்திருந்தது.

மறுநாள் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் நஞ்சம்மாளிடம் என்ன சொல்வது என்றே மனம் ஓடியது. மோகனப்பிரியா சொன்னதுபோல் ஏதோ பாரம் என்று சொல்லிவிடலாம். பெற்ற மனதை மறுபடியும் ஏன் கிழிக்க வேண்டும்? நஞ்சம்மாளுக்குத் தெரிய வேண்டாம் என்று வி.ஏ.ஓ.விடமும் தனியாகச் சொல்லி வைக்கலாம். அன்னூரில் இறங்கி டவுன் பஸ் மாறும்போது அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

நஞ்சம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். குல்சுமைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். "வாங் டீச்சர், வாங்! ஒரு போன் போட்டிருந்தா இவளப் பஸ்ஸுக்கு அனுப்பியிருப்பனுங்களே" என்றாள். சுரேந்தரின் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. படத்தின் மூலையில் அந்த உறுப்பினர் அட்டையைச் செருகி வைத்திருந்தாள். குல்சும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

காபி குடித்து முடித்ததும் மோகனப்பிரியா காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வந்தாள். "அம்மா, காலேஜுல சேர்றதுக்கு ஒரு பாரம். மேம் அதுக்குத்தான் வந்திருக்காங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

குல்சும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

நஞ்சம்மாள் ஐந்தாவது படித்தவள். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, சீட்டைப் படித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படிக்க ஆரம்பித்தாள். "எங்கள்... குடும்பத்தில்... இதுவரை... எவரும்... பட்டப்படிப்பு... முடிக்கவில்லை... என்று..." விரல் நின்றது. திரும்பவும் ஆரம்பத்துக்குப் போய், இந்த முறை 'எவரும்' என்ற சொல்லில் வந்து நின்றது.

"ஏனுங் டீச்சர், இதுல தப்பா அடிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குதுங்களே. நம்ம பையன உட்டுப்போட்டாங்க."

"அம்மா, அது சும்மா எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிச்சிருக்கறது. போடும்மா."

"இரு அம்மணி. படிச்ச பையன் இருந்த ஊட்ல யாரும் படிக்கலைன்னு நானே எழுதிக் குடுக்கலாமா? நாளைக்கு உனக்குத்தான் ஏதாச்சும் சிக்கல் வரும். டீச்சர், நீங்க சொல்லி மாத்திக் குடுங்."

உயிரோடு இருக்கிறவர்களைத்தான் கேட்கிறார்கள் அக்கா என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனியில் வந்து நின்றது அந்தப் பொய். நல்ல பொய், நஞ்சம்மாள் நம்பிவிடுவாள், கையெழுத்தும் போட்டுவிடுவாள். ஆனால் அவளுடைய விரல் இன்னும் 'எவரும்' என்ற சொல்லின் மேலேயே இருந்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு குல்சுமால் பொய் சொல்ல முடியவில்லை.

"தப்பா அடிக்கலீங்க்கா. சுரேந்தர் முடிக்கலீங்க. ரெண்டு பேப்பர் பாக்கி இருந்துச்சு."

நஞ்சம்மாள் ஒன்றும் புரியாதவளாகச் சிரித்தாள். "கார்டுல போட்டிருக்குதுங்களே."

"நாந்தான் எழுதினனுங்க."

"ஊர் முக்குல வெச்சிருந்தாங்களே, பெருசா..."

"அதுவும் நான் எழுதிக் குடுத்ததுதானுங்க்கா. என்னை மன்னிச்சிருங்க. நல்லதுக்குன்னு நெனச்சு எழுதிப்போட்டேன்."

சிரிப்பு முகத்திலிருந்து இறங்க நேரமாயிற்று. "அவனுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். பரீட்சை எழுதினவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அப்படித்தான் கேட்டாள்.

"தெரியுமுங்க."

நஞ்சம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கார்டு வர்ற வரைக்கும் ஞாயித்துக்கெழமையானாப் பொஸ்தகத்த எடுத்து உக்காந்துக்குவானுங்க" என்று நஞ்சம்மாள் மெதுவாகச் சொன்னாள். "ஏஞ்சாமின்னா, இன்னும் கொஞ்சம் பரீட்சை இருக்குதும்மான்னு சொல்லுவான். செரின்னு நானும் ஒரு வேலை சொல்ல மாட்டேன். மாட்டுக்குக்கூட நானே போவேன். கார்டு வந்து, அதுல பி.இ.ன்னு பாத்ததுக்கப்புறம், பையன் முடிச்சுப்போட்டான்னு நெனச்சுக்கிட்டனுங்க. அதுக்கப்புறமும் பொஸ்தகத்த எடுத்தானுங்க டீச்சர். நாந்தான் வைவேன். 'படிச்சு முடிச்சவனுக்கு இன்னும் என்னடா பொஸ்தகம், போய்த் தண்ணி கட்டு'ன்னு. ஒரு வார்த்தை பேச மாட்டான். மூடி வெச்சுப்போட்டு மம்முட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவான்."

குல்சுமுக்கு இது தெரியாது. அட்டை வந்த பிறகுதான் மதிப்பெண் நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தொன்றுக்கும், அதற்கடுத்த முறை முப்பத்தாறுக்கும் இறங்கியது என்பது தெரியும். ஏன் இறங்கியது என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. நீ படிப்பதே இல்லை என்று திட்டியிருக்கிறாள். அவன் எந்த வாயால் சொல்வான்? அட்டை பொய் என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மா படிக்க விடுவதில்லை என்று மேடத்திடமும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் அவன் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காமலே போய்விட்டான். குல்சும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆசிரியை என்பதோ, ஆறுதல் சொல்ல வந்தவள் என்பதோ எதுவும் அப்போது அவளுக்கு நினைவில்லை.

நஞ்சம்மாள் அழவில்லை. அவளை ஆற்றவும் இல்லை. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி 'ந. நஞ்சம்மாள்' என்று போட்டாள். போட்டு முடித்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கறனுங். கோவிச்சுக்காதீங்."

"கேளுங்க்கா."

"அந்த ரெண்டு பரீட்சைய இவ எழுத முடியாதுங்களா? இவளும் அதே படிப்புக்குத்தானுங்களே போறா. இவ பரீட்சை எழுதையில, கூடவே அவனோடதையும் எழுதிப்போட்டா... இவ பேருல வேண்டாமுங். அவன் பேருலதான்."

"எழுதறேன்மா" என்றாள் மோகனப்பிரியா உடனே. சொல்லிவிட்டுக் குல்சுமைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லுங்கள் மேம், ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். நஞ்சம்மாள் இனி எந்தக் கல்லூரிக்குப் போய் விசாரிக்கப் போகிறாள்?

"முடியாதுங்க்கா" என்றாள் குல்சும். "அத இனி யாரும் எழுத முடியாதுங்க."

நஞ்சம்மாள் தலையாட்டினாள். "செரிங்" என்றாள். கையெழுத்து காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, காகிதத்தை மகளிடம் நீட்டினாள்.

"மடிக்காமக் கொண்டு போ கண்ணு. மடிச்சா அந்த ஆபீசர் அதுக்கும் ஏதாச்சும் சொல்லிப்போடுவாரு."

மோகனப்பிரியா வெளியே போய் சைக்கிளை எடுக்கிற சத்தம் கேட்டது. அது தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகுதான் நஞ்சம்மாள் அழுதாள்.